கொடுத்தவர் மறக்கணும், வாங்கியவர் மறக்கக் கூடாது: ரோமானியர்களின் நன்றிக் கணக்கு

#1 நூலேணி

காலை வணக்கப் படங்களில் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் சிலையைப் போட்டு, ‘காலையில் எழும்போது, உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்று நினைத்துப் பார்’ என்ற வரியை எழுதி அனுப்புகிறார்கள். அவர் எழுதிய ‘தியானங்கள்’ நூலின் 12 பகுதிகளில் எங்கும் அந்த வரி இல்லை. காலை நேரத்தைப் பற்றி அவர் எழுதியது வேறு மாதிரி இருக்கும். 2ஆம் பகுதி தொடங்குவதே, ‘இன்றைக்கு வம்புக்காரன், நன்றி கெட்டவன், திமிர் பிடித்தவன், வஞ்சகன், பொறாமைக்காரன் எல்லோரையும் பார்க்கப் போகிறேன்’ என்று காலையிலேயே சொல்லிக்கொள்வதில்தான். 5ஆம் பகுதியின் தொடக்கத்தில், படுக்கையை விட்டு எழ மனமில்லாத ஒருவர் தன்னையே அதட்டிக்கொள்கிறார்: போர்வைக்குள் சூடாகக் கிடக்கவா பிறந்தாய்?

ரோமானியர்கள் நன்றியைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே பேசினார்கள், ஆனால் இந்த இனிப்பு அதில் இல்லை. தத்துவவாதி செனெக்கா இதற்கென்றே 7 பகுதிகள் கொண்ட ஒரு நூல் எழுதியிருக்கிறார். ‘தெ பெனெஃபிகீஸ்’ என்று பெயர், ‘செய்த நன்மைகளைப் பற்றி’ என்று சொல்லலாம். பேரரசர் நீரோ காலத்தில், ஏபூட்டியஸ் லிபராலிஸ் என்ற நண்பருக்காக எழுதியது. அதில் நன்றி என்பது மனசுக்குள் பொங்கும் உணர்ச்சியாக நின்றுவிடாமல் கொடுப்பது, வாங்குவது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கைவேலைகளாக வருகிறது. ஒவ்வொன்றும் எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்கிறார். தெரிந்தவர்கள் இடம் குறிப்பிட்டு எழுதுங்கள். மேற்கோள் படங்கள் வேண்டாம், கும்பிடுகிறேன்.

#2 கல்தூண்

நல்ல இழை. முதல் சந்தேகம் என்னுடையது. நன்மையைக் கடன் என்று எடுத்துக்கொண்டால் சீக்கிரம் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதானே முறை? மனஅமைதி வேண்டுமென்றால் யாருக்கும் கடன்படாமல் இருப்பதுதான் குறுக்குவழி என்று தோன்றுகிறது.

#3 ஓலைச்சுவடி

கல்தூண், அந்த இடத்தில்தான் செனெக்கா பிடித்துக்கொள்வார். 4ஆம் பகுதி முடிவில் (4.40) சொல்கிறார்: எப்படியாவது உடனே திருப்பிக் கொடுத்துவிடத் துடிப்பவனுக்கு இருப்பது நன்றியுள்ள மனசு இல்லை, கடன்காரன் மனசு. பரிசு வந்த அன்றைக்கே பதில் பரிசு அனுப்புகிறவர், ‘உன்னோடு எனக்கு ஒட்டு வேண்டாம்’ என்றுதான் உண்மையில் சொல்கிறார். 6ஆம் பகுதியில் இன்னும் கூர்மையாக ஓர் இடம் உண்டு. உதவி செய்தவருக்கு ஏதாவது கஷ்டம் வரட்டும், அப்போது நான் போய்க் காப்பாற்றி என் கடனைக் கழிப்பேன் என்று வேண்டிக்கொள்கிறவர்களைப் பிடித்து உலுக்குகிறார். பார்க்க நன்றி மாதிரி தெரியும், உள்ளே இருப்பது சாபம்.

அப்படியானால் கடனை எப்படித்தான் அடைப்பது? 2.22: ஒரு நன்மையை மனமுவந்து வாங்கிக்கொண்டவன் அப்போதே முதல் தவணையைக் கட்டிவிட்டான். தவணை என்ற சொல் நான் போட்டதில்லை, லத்தீனிலேயே பணம் கட்டும் சொல்தான் இருக்கிறது. மகிழ்ச்சியை வாங்கும்போதே, நாலு பேர் காதில் விழும்படி காட்ட வேண்டும். அடுத்த அத்தியாயத்தில், சாட்சி இல்லாமல் மூலையில் நின்று நன்றி சொல்கிறவர்களைக் கிண்டல் செய்கிறார். ரகசியமாக வாங்க நினைப்பவன், வாங்கவில்லை என்று பின்னால் சொல்ல வழி வைத்துக்கொள்கிறான்.

மீதித் தவணைக்குக் காலம் காத்திருக்கும். அதுவரை கடன்பட்டவனாக இருப்பதைச் சுமையாக எண்ணாமல் இருக்கப் பழக வேண்டும். ஏழு பகுதிகளிலும் எனக்கு இதுதான் கடினமான பாடமாகத் தெரிகிறது.

சொல் பற்றியும் ஒரு குறிப்பு. லத்தீனில் ‘கிராட்டியா’ என்ற ஒரே சொல் செய்த உதவி, அதற்கான நன்றியுணர்வு இரண்டையும் குறிக்கும். நம் பழந்தமிழில் ‘நன்றி’யும் அப்படித்தான். செய்ந்நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை. இன்று நன்றி என்றால் ‘தேங்க்ஸ்’ மட்டும் என்று சுருங்கிவிட்டதால், செனெக்காவைத் தமிழில் சொல்லும்போது பழைய பொருளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

#4 மாலைவெயில்

கொடுக்கிற பக்கத்தை யாரும் தொடவில்லையே. 2ஆம் பகுதியில் முதல் பாதி அதுதான். சுருக்கமாக:

கேட்பதற்கு முன்னால் கொடு. கேட்டுவிட்டால் உடனே கொடு. கெஞ்சி வாங்கிய பொருளைவிட அதிக விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் இல்லை என்கிறார் (2.1). இழுத்தடித்துக் கொடுத்தால், கொடுத்தது கையில் இருக்கும், நன்றி இருக்காது. கொடுக்கும்போது முகம் சுளிக்காதே. கூடவே அறிவுரை சொல்லாதே, அதை வேறொரு நாள் வைத்துக்கொள்.

வாங்குபவருக்குக் கூச்சம் வரும் என்றால் தெரியாமல் கொடு. ஆர்கெசிலாஸ் என்ற தத்துவவாதி, ஏழையாக இருந்தும் அதை மறைத்துக்கொண்ட நண்பரின் தலையணைக்கு அடியில் பணப்பையை வைத்துவிட்டு வந்த கதை 2.10இல் வருகிறது. ஏற்றுக்கொண்டதாக இல்லாமல் கண்டெடுத்ததாக இருக்கட்டும் என்பதற்காக. அதே இடத்தில்தான் இழைத் தலைப்பில் இருக்கும் விதியும் வருகிறது: ஒருவர் கொடுத்ததை உடனே மறக்க வேண்டும், மற்றவர் வாங்கியதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

மறக்காவிட்டால் என்ன ஆகும்? அடுத்த அத்தியாயமே பதில். மூவர் ஆட்சி வெளியிட்ட கொலைப்பட்டியலில் இருந்து ஒருவரை, அந்த மூவரில் ஒருவரான சீசரின் (பின்னாளில் அகஸ்டஸ்) நண்பர் காப்பாற்றினார். காப்பாற்றியதோடு விடாமல், ‘நான்தானே உன்னைக் காப்பாற்றினேன்’ என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அந்த மனிதர், ‘என்னைத் திரும்ப சீசரிடமே கொடுத்துவிடு’ என்று கத்திவிட்டார். வெற்றி ஊர்வலத்தில் கைதியாக நடத்திக்கொண்டு போயிருந்தால்கூட ஒரே ஒரு தடவைதான் போயிருப்பேன் என்றாராம்! சொல்லிக்காட்டுவது உதவியை எப்படித் தின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் படித்ததில்லை.

அளவு பற்றி: கிரிசிப்பஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதியிடமிருந்து எடுத்து ஒரு பந்து விளையாட்டு உவமை சொல்கிறார் (2.17). எதிரில் நிற்பவர் தேர்ந்த ஆட்டக்காரர் என்றால் வேகமாக வீசலாம். புதியவர் என்றால் கைக்கு நேராக மெதுவாகப் போட வேண்டும். பந்து கீழே விழுந்தால் பிடித்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘இவ்வளவு செய்தேன், நன்றியே இல்லை’ என்று புலம்புகிறவர்கள் முதலில் தாங்கள் வீசிய விதத்தைப் பார்க்கட்டும்.

#5 கல்தூண்

சரி, முதல் சந்தேகம் தீர்ந்தது. அடுத்தது பெரியது. இதையெல்லாம் எழுதிய மனிதர் யார்? நீரோவின் ஆசிரியர், ஆலோசகர். நான்கே ஆண்டு அரச நட்பில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்த்தது எந்த ஞானத்தால் என்று சூயிலியஸ் என்பவர் கேட்டதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார் (ஆண்டுக் குறிப்புகள் 13.42). ரோமில் ‘நன்மை’ என்பது அரசியல் நாணயம். பெரிய மனிதர் வீட்டு வாசலில் விடிகாலையில் ஆதரவாளர்கள் கூட்டம் கும்பிடு போட்டு நிற்கும், கையில் ஏதோ கிடைக்கும், பதிலுக்கு ஓட்டும் கூட்டமும். அந்த ஏற்பாட்டுக்கு இவர் தத்துவப் பூச்சு பூசுகிறார் என்று ஏன் சொல்லக் கூடாது?

#6 ஓலைச்சுவடி

பாதி சரி. சூயிலியஸ் சொன்னதை அப்படியே எடுக்க வேண்டாம். அவர் செனெக்காவின் எதிரி, குற்றச்சாட்டில் சிக்கியிருந்த நேரத்தில் திருப்பி அடித்தார். ஆனாலும் செனெக்கா பெரும் பணக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த வாசல் கும்பிட்டை அவர் அழகுபடுத்தவில்லை, ‘பெனெஃபிகியும்’ (நன்மை) என்ற சொல்லை அதிலிருந்து பிரித்தெடுக்கத்தான் படாதபாடு படுகிறார். லாபம் எதிர்பார்த்துக் கொடுத்தால் அது முதலீடு, நன்மை இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வருவது. அடிமை தன் எசமானுக்கு நன்மை செய்ய முடியுமா என்று 3ஆம் பகுதியில் கேட்டு, முடியும் என்கிறார். செய்பவனின் மனம்தான் கணக்கு, அவன் படிநிலை இல்லை. அந்தச் சமூகத்தில் இது சின்ன விஷயம் கிடையாது. அதற்காக அடிமை முறையை ஒழிக்கச் சொன்னார் என்று யாரும் ஏற்றிச் சொல்லவும் வேண்டாம், சொல்லவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் 2.18இல் இருக்கிறது. யாரிடம் வாங்கலாம் என்று பார்த்து வாங்கு என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், திடீரென்று நிறுத்துகிறார். கொடூரமான, கோபக்காரக் கொடுங்கோலன் ஒருவன் கொடுக்கிறான், மறுத்தால் அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வான், அப்போது வாங்காமல் இருப்பேனா? தேர்ந்தெடு என்று நான் சொல்லும்போது பலவந்தத்தையும் பயத்தையும் விலக்கித்தான் சொல்கிறேன் என்கிறார். பெயர் எதுவும் இல்லை. ஆனால் கி.பி. 62இல் தன் சொத்தைத் திருப்பித் தருகிறேன், ஓய்வு கொடுங்கள் என்று நீரோவிடம் கேட்டு, நீரோ இனிக்க இனிக்கப் பேசி மறுத்ததாக டாசிட்டஸ் எழுதும் காட்சியை (14.53 தொடங்கி) பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 65இல் அதே நீரோவின் உத்தரவில்தான் செத்தார். நிரபராதி என்று சொல்லவில்லை. வாங்கக் கூடாத கையிடம் வாங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர் எழுதியது என்கிறேன்.

#7 வைகைக்கரை

பெனெஃபிகீஸிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். மனஅமைதிப் பக்கம் வருகிறேன். ரோமானிய ஸ்டோயிக்குகள் (செனெக்கா, எபிக்டெடஸ், மார்க்கஸ் வழித் தத்துவவாதிகள்) அமைதியை வேண்டி உட்காரவில்லை, தினசரிக் கணக்கு பார்த்தார்கள்.

இரவுக் கணக்கு: ‘கோபத்தைப் பற்றி’ 3.36. செக்ஸ்டியஸ் என்பவரின் பழக்கம், செனெக்கா எடுத்துக்கொண்டார். விளக்கை எடுத்துப் போன பிறகு, தன் பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திய பிறகு, நாள் முழுவதையும் திரும்பப் பார்க்கிறார். செக்ஸ்டியஸ் மனசிடம் கேட்டவை மூன்று கேள்விகள்: இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைக் குணப்படுத்தினாய்? எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய்? எந்த விதத்தில் மேலாக இருக்கிறாய்?

இதைச் செய்கிறவர்கள் வழக்கமாகத் தவறும் இடம், கேள்வியை விட்டுவிட்டு நீதிமன்றமாக்கித் தண்டனை எழுதுவது. செனெக்கா தரும் உதாரணங்களைப் பாருங்கள்: அந்த வாக்குவாதத்தில் அளவுக்கு மீறிச் சூடாகப் பேசினாய், இனி விவரமில்லாதவர்களோடு மல்லுக்கட்டாதே. அந்த மனிதரை வேண்டியதைவிட வெளிப்படையாகக் கண்டித்தாய், அதனால் அவர் திருந்தவில்லை, புண்பட்டார். சம்பவம் ஒன்று, காரணம் ஒன்று, அடுத்த முறைக்கு ஒரு வரி. பிறகு, ‘இனிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன்’. அவ்வளவுதான், தூங்கப் போகலாம். அந்த மன்னிப்பு வரியை விட்டுவிட்டால் இந்தப் பழக்கம் தூக்கத்தைக் கெடுக்கும். ‘நான் மோசமானவன்’ என்ற பொத்தாம்பொதுவான வரி வந்தால் கணக்கு கெட்டுவிட்டது என்று அர்த்தம். செனெக்கா இதைப் பேசும் இடமே, இதற்குப் பிறகு வரும் தூக்கம் எவ்வளவு ஆழமானது என்று வியக்கும் இடம்.

இன்னொன்று எபிக்டெடஸ், உரைகள் 2.18. கோபக்காரனாக இருக்க விருப்பமில்லை என்றால் அதற்குத் தீனி போடாதே, கோபப்படாத நாட்களை எண்ணு. தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை. 30 நாள் தாண்டினால் கடவுளுக்குப் பலி கொடு என்கிறார். அவர் எண்ணுவது இடைவெளி நீள்வதை. ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று கைவிடுவது அவர் முறை கிடையாது.

#8 தாமரைக்குளம்

புதிதாகப் படிப்பவள், தவறிருந்தால் திருத்துங்கள். எபிக்டெடஸ் கையேட்டின் முதல் அத்தியாயம், நம் கையில் இருப்பது, இல்லாதது என்று பிரிக்கிறது. உடம்பு, சொத்து, பெயர், பதவி எல்லாம் நம் கையில் இல்லை. அப்படியானால் பிறர் செய்யும் நன்மையும் அந்தப் பட்டியலில்தானே? ஒன்றும் பொருட்டில்லை என்றால் எதற்கு நன்றி சொல்வது?

#9 மாலைவெயில்

நல்ல கேள்வி தங்கச்சி, திருத்த எதுவும் இல்லை. செனெக்கா இதற்கு 1ஆம் பகுதியிலேயே பதில் வைத்திருக்கிறார் (1.5, 1.6). கொடுத்த பணம், பதவி, பொருள் எதுவும் நன்மை இல்லை, நன்மையின் அடையாளம்தான். அடையாளத்தைத் திருடலாம், எரிந்து போகலாம். நன்மை என்பது கொடுத்தவரின் மனம். நாம் நன்றி சொல்வது அந்த மனசுக்கு. அதனால் பொருள் தொலைந்த பிறகும் நன்றி தொலைவதில்லை. பொருட்டில்லாதது பொருள்தான், மனசு இல்லை.

இதைக் கையால் செய்து காட்டியது மார்க்கஸ். முதல் பகுதி முழுக்க நன்றிப் பட்டியல், 17 பதிவுகள். தாத்தாவில் தொடங்கி, அப்பா, அம்மா, கொள்ளுத்தாத்தா, ஆசிரியர்கள், வளர்ப்புத் தந்தை அன்டோனினஸ், கடைசியில் தெய்வங்கள். ‘நன்றி’ என்று எழுதி நிறுத்தவே இல்லை. ஒவ்வொருவரிடமும் கண்ட ஒரு குறிப்பிட்ட நடத்தையை எழுதுகிறார். ஆசிரியர் ரஸ்டிகஸிடமிருந்து, மேலோட்டமாக இல்லாமல் கவனமாகப் படிப்பது, அதோடு அவர் தன் சொந்தப் பிரதியாக எபிக்டெடஸ் உரைகளைக் கொடுத்தது. இலக்கண ஆசிரியர் அலெக்ஸாண்டரிடமிருந்து, யாராவது பிழையாகப் பேசினால் முகத்துக்கு நேரே திருத்தாமல் சரியான சொல்லைத் தன் பதிலில் லாவகமாகப் புகுத்துவது. இழை முழுக்கத் திருத்திக்கொண்டிருக்கும் நாமெல்லாம் கவனிக்க வேண்டியது!

நீங்களும் எழுத விரும்பினால்: ஓர் ஆள், ஒரு நடத்தை, அதை அவர் செய்த விதம். 3 வரி போதும். தினம் எழுத வேண்டாம், அவர் செய்ததாகத் தெரியவில்லை. ‘குடும்பம், ஆரோக்கியம், சூரிய உதயம்’ என்று தினம் மூன்று எழுதுகிற குறிப்பேடு 10 நாளில் அலுத்துப்போவது ஏன் என்றால் அதில் ஆளும் இல்லை, செயலும் இல்லை. எழுதிய பிறகு அந்த நடத்தை நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குத்தான் பட்டியல். செத்துப்போனவர்களும் இருக்கலாம், அன்டோனினஸ் இறந்த பிறகுதான் மார்க்கஸ் அவரைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினார்.

#10 நூலேணி

மாலைவெயில் சொன்னதோடு மார்க்கஸின் 7.27ஐச் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாதவற்றைக் கனவு காணாதே, இருப்பவற்றில் சிறந்ததை எடுத்து, இது இல்லாமல் இருந்தால் எவ்வளவு ஏங்கியிருப்பேன் என்று நினைத்துப்பார். இதோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். அவர் உடனே அடுத்த வரியில் எச்சரிக்கை வைக்கிறார்: இப்படி மகிழ்ந்து மகிழ்ந்து அதற்கு அதிக மதிப்புக் கொடுத்துப் பழகிவிடாதே, போனால் கலங்கிப்போவாய்.

#11 தாமரைக்குளம்

நன்றி அக்கா, தெளிவாகிவிட்டது. செனெக்காவின் 18ஆம் கடிதத்தில் வறுமையைப் பழகச் சொல்வதும் இதற்குத்தானா?

#12 வைகைக்கரை

ஆமாம். ஊரே சாட்டர்னாலியா கொண்டாட்டத்தில் இருக்கும் டிசம்பரில் நண்பர் லூசிலியஸுக்கு எழுதியது. சில நாட்கள் ஒதுக்கி, மிகக் குறைந்த, மலிவான உணவும் முரட்டுத் துணியுமாக இருந்துபார், ‘இதற்கா பயந்தேன்?’ என்று கேள் என்கிறார். அளவு தெளிவாக இருக்கிறது: 3, 4 நாள், சில சமயம் அதற்கு மேலும். ஒருநாள் விரதம் விளையாட்டு, சோதனை ஆகாது. உண்மையான ஏழைப் படுக்கை, உண்மையான காய்ந்த ரொட்டி. பணக்காரர்கள் மாளிகைக்குள் ‘ஏழை அறை’ கட்டி அலுப்புக்கு மருந்தாக வைத்துக்கொண்டதை நான் சொல்லவில்லை என்று தெளிவாக விலக்குகிறார்.

கெட்டுப்போகும் இடம் பெருமை. ஆயிரக்கணக்கான அடிமைகளும் ஏழைகளும் தினமும் செய்வதைத்தான் செய்கிறாய், தம்பட்டம் அடிக்காதே என்கிறார். ஒரே வித்தியாசம், நீ கட்டாயம் இல்லாமல் செய்கிறாய். எபிக்டெடஸ் கையேட்டில் (47) இன்னும் கறாராக: கடும் தாகத்தில் குளிர்ந்த நீரை வாயில் எடுத்து உமிழ்ந்துவிடு, யாரிடமும் சொல்லாதே. நோய், மருந்து, வயது உள்ளவர்கள் உணவு விஷயத்தில் கை வைக்க வேண்டாம், முரட்டுத் துணியும் தரைப் படுக்கையும் போதும்.

#13 கல்தூண்

ரோமின் பெரிய பேச்சாளர் சிசரோவை விட்டுவிட்டோம். ‘நன்றி மற்ற எல்லா அறங்களுக்கும் தாய்’ என்ற வரி, இந்த முறை உண்மையாகவே அவர் சொன்னதுதான். ஆனால் எங்கே சொன்னார் என்பது முக்கியம். கி.மு. 54இல் நீதிமன்றத்தில், பிளாங்கியஸ் என்பவருக்காக வாதாடும்போது. தேர்தலில் முறைகேடு என்று வழக்கு. போட்டவர் அந்தத் தேர்தலில் தோற்ற லாட்டெரென்சிஸ். கி.மு. 58இல் சிசரோ நாடுகடத்தப்பட்டு அலைந்தபோது, மாசிடோனியாவில் நிதியதிகாரியாக இருந்த இதே பிளாங்கியஸ்தான் தெசலோனிகாவில் வைத்துப் பாதுகாத்தார். ஆகவே இது தத்துவ வாசகம் மட்டும் இல்லை, கடனைக் கட்டுகிற வக்கீலின் வாதமும்கூட.

#14 ஓலைச்சுவடி

அதனால் மதிப்புக் குறையாது. செனெக்கா சொல்லும் ‘காலம் வரும்வரை காத்திருந்து திருப்பிச் செய்’ என்பதன் நேரடி உதாரணமாகவே எடுக்கலாம், நான்கு வருடம் கழித்துச் சந்தர்ப்பம் வந்திருக்கிறது. ‘கடமைகள்’ நூலில் (1.43) சிசரோ ஒரு எல்லையும் போடுகிறார்: ஒருவர் சொத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்த சர்வாதிகாரிகள் சுல்லாவையும் ஜூலியஸ் சீசரையும் வள்ளல் என்று சொல்லக் கூடாது.

#15 தாமரைக்குளம்

கடைசிக் கேள்வி. ஏழு பகுதியையும் இப்போதே படிக்க முடியாது. எங்கே தொடங்குவது?

#16 ஓலைச்சுவடி

செனெக்காவின் 81ஆம் கடிதம். முழு நூலின் சாரமும் ஒரே அமர்வில் படித்துவிடும் நீளத்தில் இருக்கிறது. நன்றிகெட்ட ஒருவனைச் சந்தித்ததாக லூசிலியஸ் புலம்புகிறார். இதுதான் முதல் தடவை என்றால் உன் அதிர்ஷ்டத்துக்கோ உன் எச்சரிக்கைக்கோ நன்றி சொல் என்று ஆரம்பிக்கிறார் செனெக்கா. முன்பு உதவி செய்த அதே ஆள் பிறகு தீங்கும் செய்தால் கணக்கை எப்படிப் பார்ப்பது என்பதுதான் நடுப்பகுதி, அதை மெதுவாகப் படியுங்கள். நல்லவன் தராசில் தீங்கின் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்தே வைப்பான் என்கிறார்.

அது பிடித்தால் பெனெஃபிகீஸ் 2ஆம் பகுதி, பிறகு 7.21 மட்டும். அங்கே ஒரு பித்தகோரஸ்வாதி செருப்புத் தைப்பவரிடம் கடனுக்குச் செருப்பு வாங்கியிருப்பார். சில நாள் கழித்துப் பணத்தோடு வந்து மூடிய கதவைத் தட்டுகிறார், தைப்பவர் இறந்து எரித்தாகிவிட்டது என்று தெரிகிறது. 3, 4 தெனாரியஸ் மிச்சம் என்ற மகிழ்ச்சியோடு காசைக் கையில் குலுக்கிக்கொண்டே வீடு திரும்புகிறவருக்கு, வழியில் அந்த மகிழ்ச்சியே உறுத்துகிறது. ‘அவன் உனக்கு உயிரோடுதான் இருக்கிறான், கொடுக்க வேண்டியதைக் கொடு’ என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து, கதவு இடுக்கு வழியாகக் காசை உள்ளே தள்ளிவிட்டுப் போகிறார்.